குடியானவர் வீட்டுப் பட்டறையும் காப்புச் சாதனங்களும்

முற்காலத்தில் கிராமத்துக் குடியானவர்கள் கொழுவைத் தீட்டவும், மண்வெட்டிக்குப் பூண் போடவும், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றவும் ஊர்க் கொல்லரையும் தச்சரையுமே நம்பியிருந்தனர். அறுவடைக் காலத்தில் களத்திலேயே அவர்களுக்குரிய நெல்லை அளந்து கொடுப்பது வழக்கம். அந்த ஏற்பாடு இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. டிராக்டரின் கூண்டுச் சக்கரத்தில் ஒரு கம்பி விட்டுப்போனாலும், தோட்டத்துக் கேட்டின் கீல் ஒடிந்தாலும், அவற்றைப் பட்டணத்துக்கு ஏற்றிச் சென்று ஒரு நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது. நடவுக் காலத்தில் ஒரு நாள் தவறுவது எவ்வளவு நஷ்டம் என்பதைக் குடியானவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வசதியுள்ள பலர் மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கத்திலோ, மோட்டார் அறையின் தாழ்வாரத்திலோ சிறு பட்டறை ஒன்றை அமைத்துக்கொள்கின்றனர். கையில் பிடித்து அறுக்கும் கிரைண்டர், மேஜைச் சாணை, டிரில்லிங் மிஷின், சிறு வெல்டிங் யந்திரம் ஆகியவை அங்கே காணப்படுகின்றன.

இது வரவேற்கத் தக்கதே. ஆனால் யந்திரத்தை வாங்கியவர்களுள் பலர், அந்த யந்திரத்தினின்று உடலைக் காத்துக்கொள்ளும் சாதனங்களை வாங்கவில்லை. வாங்கியவர்களும் அவற்றை ஆணியில் மாட்டி வைத்திருக்கின்றனர். வேறு சிலர் எல்லா வேலைக்கும் ஒரே கையுறையையும் ஒரே துணியையும் அணிந்து, அதனாலேயே ஆபத்துக்குள்ளாகின்றனர். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தன் 35-ஆம் பிரிவில் தொழிலாளர்களின் கண்களைக் காப்பதற்கு முதலாளிகள் செய்ய வேண்டியவற்றை விதித்தது. சொந்த வீட்டுப் பட்டறைக்கோ மேற்பார்வைக்கு வரும் இன்ஸ்பெக்டர் எவரும் இல்லை. அங்கே முதலாளியும் தொழிலாளியும் மேற்பார்வையாளரும் குடியானவர் ஒருவரே. ஆதலால் எந்த வேலைக்கு எந்தச் சாதனம் தகும், எதற்குத் தகாது என்பதை அவரே அறிந்திருத்தல் அவசியம்.

சாதனம் கடைசி அரண்

காப்புச் சாதனத்தை அணிவது பாதுகாப்பின் முதற்படி அன்று. அது கடைசிப் படி. வயலுக்கு வெள்ளம் வராமல் வரப்பை உயர்த்துவது முதல் வேலை; வந்த வெள்ளத்தை இறைப்பது பிறகு செய்வது. பட்டறையிலும் அவ்வாறே. முதலாவதாக, அந்த அபாயமான வேலையைச் செய்யாமலே தீருமா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாக, அபாயம் குறைந்த வேறு வழி உண்டா என்று ஆலோசிக்க வேண்டும். கிரைண்டரால் அறுப்பதைக் கையால் இழுக்கும் ஹாக்ஸா ரம்பத்தால் அறுத்தால், பத்து நிமிஷம் கூடுதலாகும். பொறியும் இரைச்சலும் இரா. மூன்றாவதாக, யந்திரத்தோடு வந்த உறையைக் கழற்றாமல் வைத்திருத்தல், வேலைப் பொருளைக் கிடுக்கியில் இறுகப் பிணித்தல், தூசு எழும் வேலையைத் திறந்த வெளியில் காற்றுக்கு முதுகு காட்டிச் செய்தல் முதலியவற்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னர் எஞ்சி நிற்கும் அபாயத்துக்கே கண்ணாடியும் முகமூடியும் கையுறையும் ஏற்பட்டன.

சில அபாயங்களை எந்தச் சாதனமும் தடுக்காது என்பதையும் அறிய வேண்டும். டீசலோ பெட்ரோலோ பூச்சிமருந்தோ இருந்த காலிப் பீப்பாயை வெல்டிங் செய்வதும் அறுப்பதும் இதற்கு உதாரணம். பீப்பாய் காலியாகத் தோன்றினும் அதனுள் ஆவி நிறைந்திருக்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதன் எதிரில் நிற்பவர் எத்தனை கவசம் அணிந்திருந்தும் பயனில்லை. அந்த வேலையை வீட்டுப் பட்டறையில் செய்யாதிருப்பதே அதற்குரிய காப்பு.

கண்

பட்டறையில் முதலில் காக்க வேண்டிய உறுப்பு கண். சாதாரணமாக விற்கப்படும் நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 தடவை சுழல்கிறது. அதில் பூட்டிய 100 மில்லிமீட்டர் வட்டின் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. விளிம்பினின்று தெறிக்கும் துணுக்கும் ஏறத்தாழ அதே வேகத்தோடு புறப்படுகிறது. இமை மூடுவதற்கு முன்பே அது கண்ணை அடைந்துவிடும். ஆதலால், “பொறி வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்” என்பது வீண் நம்பிக்கை.

யந்திரம் இல்லாத வேலையிலும் இந்த அபாயம் உண்டு. உளியையும் முளையையும் பல நாள் சம்மட்டியால் அடித்தால் அவற்றின் தலை காளான்போல் விரிந்து ஓரம் பூத்துவிடும். அந்தப் பூத்த ஓரத்தினின்று சிறு சிம்பு ஒன்று பெயர்ந்து பறப்பதுண்டு. இத்தகைய சிம்பு கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே சென்றால் சில வேளை மிகுந்த நோவே இராது. பார்வையும் அன்று மங்காதிருக்கலாம். ஆனால் உள்ளே தங்கிய இரும்பு நாளடைவில் துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும். பூத்த தலையைச் சாணையில் தேய்த்துச் சரிவாக்கி வைப்பது இதற்கு முதற் காப்பு; கண்ணாடி அணிவது இரண்டாவது.

மூக்குக்கண்ணாடி அணிபவர் அதுவே போதும் என்று எண்ணுகின்றனர். அது படிப்பதற்கென்று செய்யப்பட்டது. பக்கங்களில் மறைவு இல்லை. அடிபட்டால் உடைந்து அதன் துண்டே கண்ணில் பாயலாம். பாலிகார்பனேட் என்னும் உறுதியான பொருளால் செய்து, இரு பக்கமும் மறைப்புடன் வரும் காப்புக் கண்ணாடியே பட்டறைக்கு உரியது. கண்காப்புச் சாதனங்களுக்கென ஐ.எஸ். 5983 என்னும் இந்தியத் தரம் ஏற்படுத்தப்பட்டது. வாங்கும்போது தர முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குதல் நலம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதன்மேல் அணியத்தக்க பெரிய கண்ணாடியைக் கேட்டு வாங்க வேண்டும். கிரைண்டர் வேலைக்குக் கண்ணாடியோடு முகம் முழுவதையும் மறைக்கும் தெளிவான முகக்கவசமும் வேண்டும். முகக்கவசம் மட்டும் போதாது. அதன் அடிப்புறமாகத் துணுக்கு ஏறிவரும். அமிலம், தின்னர், மருந்துக் கரைசல் முதலிய திரவங்களைக் கையாளும்போது, முகத்தோடு ஒட்டி நிற்கும் மூடிய கண்ணாடியே தேவை.

கண்ணில் தூசு விழுந்தபின் செய்யும் கைவைத்தியம் தூசைவிடக் கெடுதியானது. துணிமுனையால் எடுப்பது, ஊசியால் நெம்புவது, நாக்கால் துழாவுவது, தாய்ப்பாலும் இலைச்சாறும் விடுவது ஆகியவை இன்னும் கிராமங்களில் வழக்கத்தில் உள்ளன. கருவிழியின் மேலுள்ள தெளிவான படலத்தில் ஒரு கீறல் ஏற்பட்டால், அதன் வழியே கிருமியும் பூஞ்சையும் புகுந்து புண்ணாக்கும். இது சாமானியமான விஷயமன்று. மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் வருஷக் கணக்கை ஆராய்ந்ததில், 1,00,000 ஜனங்களுக்கு வருஷம் 113 பேர் வீதம் இப்புண் கண்டது தெரியவந்தது. மதுரையிலேயே 1994-இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 நோயாளிகளைப் பரிசோதித்தபோது, அவர்களுள் 284 பேர், அதாவது மூன்றில் இரு பங்கினர், முன்னதாகக் கண்ணில் காயம்பட்டவர்களாக இருந்தனர். காயம் சிறிதாயினும் அது பார்வைக்கே உலை வைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

ஆகவே, தூசு விழுந்தால் கசக்கலாகாது. சுத்தமான நீரால் கழுவிப் பார்க்கலாம். போகாவிட்டால் அன்றே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஏதேனும் குத்தி நிற்குமாயின் அதைப் பிடுங்காமலும், கழுவாமலும், கண்ணில் அழுத்தம் படாதபடி ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்பு வேலையின்போது பட்டது என்பதை வைத்தியரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். பாட்டரி அமிலமோ சுண்ணாம்போ பட்டால் ஒரு கணமும் தாமதியாது, இமைகளைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 முதல் 20 நிமிஷம் ஓடும் நீரால் கழுவ வேண்டும். வண்டி தேடுவது அதற்குப் பிறகே. மருந்துக்கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கி விடுவது கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணை மிகுவிக்கும்.

வெல்டிங் ஒளி

வெல்டிங் யந்திரத்தின் வில்லொளியில் கண்ணுக்குப் புலப்படும் வெளிச்சத்தோடு, புலப்படாத ஊதாக்கடந்த கதிர்களும் மிகுதியாக உள்ளன. இவை கருவிழியின் மேற்படலத்தை வெயில் தோலைச் சுடுவதுபோல் சுடுகின்றன. சூடு அப்போது தெரிவதில்லை. சில மணிநேரம் சென்ற பின்னரே நோவு தொடங்குகிறது. இதனாலேயே காரணம் இன்னதென்று பலருக்குத் தெரிவதில்லை.

ஓர் ஊரில் குடியானவர் ஒருவர் மாலை வேளையில் மாட்டுத்தொட்டியின் கம்பிச் சட்டத்தை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். பத்து வயதுள்ள மகன் சட்டத்தின் மறு நுனியைப் பிடித்து நின்றான். “முகத்தைத் திருப்பிக்கொள்” என்று சொல்லிவிட்டுத் தந்தை தமது முகமூடியை இறக்கிக்கொண்டார். பிள்ளை முகத்தைத் திருப்பினான். எனினும் ஒளியின் அழகைப் பார்க்க இடையிடையே திரும்பினான். நள்ளிரவில் அவன் விழித்தெழுந்து, “கண்ணுக்குள்ளே மணலைக் கொட்டினாற்போல் இருக்கிறது, அப்பா” என்று அழுதான். இரு கண்களும் சிவந்து நீர் பெருகிற்று. விளக்கைக் காணச் சகிக்கவில்லை. வீட்டார் கண்நோய் என்று எண்ணி நந்தியாவட்டைப் பூவை ஒற்றினர். மறுநாள் வைத்தியர் விசாரித்த பின்புதான் விஷயம் விளங்கிற்று. இரண்டு நாளில் கண் தெளிந்தது. பெரும்பாலும் இந்நோய் ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் தந்தையின் முகத்தில் முகமூடி இருந்தபோது பிள்ளையின் முகத்தில் ஒன்றும் இல்லை என்பதே கவனிக்கத் தக்கது. பட்டறையில் வேலை செய்பவர் ஒருவர். அபாயத்துக்கு உட்படுபவர் சுற்றி நிற்கும் எல்லோரும். துணைக்கு ஆள் வேண்டுமானால் வயது வந்த ஒருவரை நிறுத்தி, அவருக்கும் ஒரு முகமூடி கொடுக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கிடுக்கியைக் கொண்டு பிணிக்க வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கம் வராதபடி ஒரு தகட்டையோ கனத்த படுதாவையோ மறைவாக வைத்தல் நலம்.

முகமூடியின் கண்ணாடி எத்தனை கருமை உடையது என்பதை ஓர் எண்ணால் குறிப்பர். வீட்டுப் பட்டறையில் வழங்கும் ராடு வெல்டிங்கில், மின்னோட்டம் 60 முதல் 160 ஆம்பியர் வரையில் 10-ஆம் எண் கண்ணாடி ஏற்றது. அதற்கு மேல் 11 அல்லது 12 வேண்டும். வாயு வெல்டிங்குக்கு 4 முதல் 6 வரை போதும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணிந்தாலும் வெல்டிங்குக்கு உதவாது. ஒளி பட்டதும் தானே கறுக்கும் முகமூடியும் இப்போது கிடைக்கிறது. இதில் ராடை வைக்கும் இடத்தை முன்கூட்டியே பார்க்க முடிவதால், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மிகவும் சௌகரியம். வெல்டிங் முடிந்ததும் மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டும்போது முகமூடியைத் தூக்கிவிடுவது எல்லோருடைய வழக்கம். சூடான கசடு தெறிப்பது அப்போதுதான். ஆகையால் முகமூடிக்குள்ளே தெளிவான காப்புக் கண்ணாடியையும் அணிந்திருக்க வேண்டும்.

அறுக்கும் வட்டு

கிரைண்டரின் வட்டு உடைந்து பறந்தால் எந்தக் கண்ணாடியும் முழுக் காப்பு ஆகாது. ஆதலால் வட்டைப் பற்றியும் இங்கே கூற வேண்டியது அவசியமாகிறது. ஒவ்வொரு வட்டிலும் அது தாங்கக்கூடிய அதிகபட்சச் சுற்று அச்சிடப்பட்டிருக்கும். நான்கு அங்குல வட்டில் இது 15,000-க்கு மேல் இருக்கும். ஏழு அங்குல வட்டிலோ சுமார் 8,500 மட்டுமே. சிலர் ஆழமாக அறுக்க வேண்டும் என்று சிறிய யந்திரத்தின் உறையைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டைப் பூட்டுகின்றனர். 8,500 சுற்றுக்குச் செய்யப்பட்ட வட்டு 11,000 சுற்றில் ஓடும்போது, அதைப் பிளக்க முயலும் விசை 1.6 மடங்குக்கு மேலாகிறது. காப்பதற்கிருந்த உறையும் கழற்றப்பட்டுவிட்டது. இவ்விரு தவறுகளும் எப்போதும் சேர்ந்தே நிகழ்கின்றன என்பதுதான் இதிலுள்ள கொடுமை. மரம் அறுக்கும் பல்வட்டை இந்த யந்திரத்தில் பூட்டுவதும் இதைப் போன்றதே. பல் மரத்தில் கடித்துக்கொண்டால் யந்திரம் கையை மீறித் துள்ளித் திரும்பும்.

பிசின் கலந்து செய்த மெல்லிய வட்டுகள் நாட்பட்டால் வலிமை குன்றும். நடுவிலுள்ள உலோக வளையத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். ஈரத்தில் கிடந்ததையும் கீழே விழுந்ததையும் உபயோகிக்கலாகாது. மேஜைச் சாணைக்கல்லைப் பூட்டுமுன் அதை ஒரு குச்சியில் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மண்பானையைத் தட்டி வாங்குவதுபோலவே இதுவும்: கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல் உண்டு. பொருளைத் தாங்கும் பலகைக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் பொருளும் விரலும் அதில் இழுபடும். யந்திரத்தை ஓடவிட்டதும் ஒரு நிமிஷம் கல்லின் நேரே நில்லாமல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

கை

கையுறை விஷயத்தில்தான் விவேகம் மிகவும் வேண்டும். கையுறை கையைக் காக்கும் என்பது பொதுவான எண்ணம். சுழலும் யந்திரத்தின் முன் அது கையைக் கொடுத்துவிடும். டிரில்லிங் மிஷினின் துளையூசியும் கடைசல் யந்திரமும் கையுறையின் ஒரு நூலைப் பற்றினால் போதும். உறையோடு விரலையும் சுற்றிக்கொள்ளும். வெறும் கையாக இருந்தால் ஒரு கீறலோடு தப்பியிருக்கும். ஆகையால் டிரில், கடைசல், மேஜைச் சாணை ஆகியவற்றில் கையுறை அணியலாகாது. அங்கே கைக்குக் காப்பு, பொருளைக் கிடுக்கியில் பிணிப்பதும், சுருளும் இரும்புச் சீவலைக் கையால் தொடாமல் தூரிகையால் நீக்குவதுமே ஆம். இரண்டு கைகளாலும் பிடித்து இயக்கும் கிரைண்டரில் கையோடு ஒட்டிய தோல் உறையை அணியலாம். நூல் தொங்கும் பின்னல் உறை கூடாது.

வெல்டிங்குக்கு மணிக்கட்டுக்கு மேலே ஏறும் தோல் உறை இன்றியமையாதது. அது காய்ந்திருக்க வேண்டும். வியர்வையில் நனைந்த உறை மின்சாரத்தைத் தடுக்காது. தகடு அறுக்கவும் முள்வேலிக் கம்பி இழுக்கவும் தடித்த தோல் உறை ஏற்றது. தின்னர், கிரீஸ் நீக்கும் திரவம், ஸ்பிரேயர் பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்குத் தோலும் துணியும் உதவா. அவை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அவற்றுக்கு நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் உறையே தக்கது. ஸ்பிரேயரைப் பழுதுபார்த்த உறையை வேறு வேலைக்கு எடுக்கலாகாது.

மூச்சு

வாயையும் மூக்கையும் துண்டால் சுற்றிக்கொள்வது நம் நாட்டு வழக்கம். துண்டு பெருந்தூசைத் தடுக்கும். நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்தூசைத் தடுக்காது. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்தூசே கேடு விளைப்பது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மரத்தூளை 1995-இலும், கல்லினின்றும் கான்கிரீட்டினின்றும் எழும் சிலிக்காத் தூளை 1997-இலும், வெல்டிங் புகையை 2017-இலும் புற்றுநோயை உண்டாக்குவன என்று வகுத்தது. கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைக் கிரைண்டரால் உலர்ந்தபடியே அறுப்பது இவை எல்லாவற்றிலும் மோசமானது. அதன் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல வருஷங்களுக்குப் பின் நோயாக வெளிப்படும். அத்தகட்டை அறுக்காமலே பொருத்த வழி தேட வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் நீரால் நனைத்துக் கைரம்பத்தால் மெல்ல அறுக்க வேண்டும்.

தூசுக்கான முகமூடிகளில் எஃப்.எஃப்.பி. 1, 2, 3 என்று மூன்று வகுப்புகள் உண்டு. சோதனைத் தூசில் முதல் வகுப்பு நூற்றுக்கு 80 பங்கும், இரண்டாவது 94 பங்கும், மூன்றாவது 99 பங்கும் தடுக்கும். என்.95 என்பது ஏறக்குறைய இரண்டாம் வகுப்புக்குச் சமம். மரத்தூள், இரும்புத்தூள் வேலைகளுக்கு இரண்டாம் வகுப்பு போதுமானது. ஆஸ்பெஸ்டாஸுக்கு மூன்றாவது வேண்டும். எவ்வகையாயினும் முகத்தோடு ஒட்டினாலன்றிப் பயன் தராது. இரு பட்டைகளையும் தலையில் மாட்டி, மூக்கின் மேலுள்ள கம்பியை இரு கை விரல்களால் அழுத்தி, கைகளால் மூடி ஊதிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் காற்று கசியலாகாது. தாடி உள்ள முகத்தில் அது ஒட்டுவதில்லை.

தூசு முகமூடி ஆவியைத் தடுக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெயிண்டு, தின்னர், பூச்சிமருந்து ஆகியவற்றின் ஆவிக்குக் கரி நிரப்பிய குப்பி பூட்டிய முகமூடி தேவை. குப்பியை உரிய காலத்தில் மாற்றவும் வேண்டும். வாசனை உள்ளே தெரியுமாயின் குப்பி தீர்ந்தது என்று கொள்க. துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணிநேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் காணும். மலேரியா என்று மயங்குவாரும் உண்டு. ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு, திறந்த வெளியில், புகை முகத்துக்கு வராத பக்கத்தில் நின்று வேலை செய்தல் வேண்டும். தேய்க்கும்போதும் முகமூடி அவசியம்.

காது

காதின் கேடு நோவின்றி வருவதால் அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. முதலில் குருவிகளின் ஒலியும் குழந்தைகளின் பேச்சும் மங்குகின்றன. பின்னர் வீட்டார் உரக்கப் பேச வேண்டியதாகிறது. ஒருமுறை இழந்த கேள்வி எந்த மருந்தாலும் திரும்புவதில்லை. அமெரிக்கத் தொழிற் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1998-இல் வெளியிட்ட விதிப்படி 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணிநேரம் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 94-க்கு 1 மணி. 97-க்கு அரை மணி. 100-க்குக் கால் மணி மட்டுமே. கிரைண்டரும் வட்ட ரம்பமும் 100 டெசிபெலை எட்டுவது சாதாரணம். கை எட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், காதுக்குக் காப்பு வேண்டும் என்பதே எளிய அடையாளம்.

பஞ்சை அடைப்பது போதாது. மென்மையான நுரையடைப்பானை விரல்களுக்கிடையில் மெல்லிய திரியாக உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியைச் சற்று மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நிற்பது பயனற்றது. கை அழுக்காக இருக்கும்போது காதுக்குமேல் கவியும் உறை சௌகரியம். வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் ஒலி குறைவாயினும் காதுக்குள் பொறி விழாதிருக்க அடைப்பான் உதவும்.

உடையும் காலும்

வேஷ்டியின் தொங்கும் நுனி, தோளில் போட்ட துண்டு, சேலை முந்தானை, நீண்ட சடை, கைவளை, கயிறு, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவை சுழலும் யந்திரத்துக்குப் பகை. இவற்றைக் கழற்றியோ இறுகக் கட்டியோ வைக்க வேண்டும். வெல்டிங்குக்குப் பருத்தித் துணியே நல்லது. நைலான், பாலியஸ்டர் துணிகள் பொறி பட்டதும் உருகித் தோலில் ஒட்டிப் புண்ணை ஆழமாக்கும். கால்சட்டையின் விளிம்பை மடித்துவிட்டால் மடிப்பில் பொறி தங்கும். வெறுங்காலோடும் ரப்பர்ச் செருப்போடும் பட்டறையில் நிற்பது நம்மவர் வழக்கம். கனத்த கொழுவோ சக்கரமோ நழுவி விழுந்தால் விரல் போய்விடும். முனையில் எஃகுத் தொப்பி வைத்த பாதரட்சை விலையுயர்ந்ததன்று, நெடுநாள் உழைக்கும்.

எதை முதலில் வாங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க எல்லோராலும் இயலாது. முதலில் காப்புக் கண்ணாடி இரண்டு வாங்க வேண்டும்: ஒன்று வேலை செய்பவருக்கு, மற்றொன்று பக்கத்தில் நிற்பவருக்கு. ஒரு நாட்டுக்கோழியின் விலைக்குள் இரண்டையும் வாங்கிவிடலாம். அடுத்து முகக்கவசமும் காது அடைப்பான்களும். பிறகு தூசு முகமூடிகள். அதன் பின் கையுறைகளும் பாதரட்சையும். வெல்டிங் யந்திரம் வாங்குகிறவர்கள் மட்டும், முகமூடியையும் தோல் உறையையும் யந்திரத்தோடு சேர்த்தே வாங்க வேண்டும். முகமூடி வரும்வரை ஒரு ராடும் எரிக்கலாகாது.

வாங்கியவற்றை வைக்கும் இடமும் முக்கியம். வீட்டுக்குள் பெட்டியில் பூட்டி வைத்தால் ஒருவரும் எடுத்துவரார். யந்திரத்தின் சுவிட்சுக்கு அருகில், தூசு புகாத மூடியுள்ள தகர டப்பாவில் வைத்தால் கை தானே எடுக்கும். தூசு முகமூடியை ஆணியில் திறந்தபடி மாட்டினால் உட்புறத்திலும் தூசு படியும். கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைக்காமல் முதலில் நீரில் கழுவ வேண்டும். துடைத்தால் கீறல் விழுந்து மங்கும். மங்கிய கண்ணாடியை எவரும் அணியமாட்டார்கள். விரிசல் கண்டதையும், பலத்த அடி பட்டதையும் மாற்றிவிட வேண்டும்.

“ஒரு வெட்டுத்தானே, இதற்கா கண்ணாடி?” என்னும் எண்ணமே பெரும்பாலான விபத்துக்களுக்கு மூலம். நாள் முழுதும் வேலை செய்கிறவர் ஆயத்தமாகவே இருக்கிறார்; போகிற போக்கில் அரை நிமிஷ வேலையைச் செய்கிறவரே காப்பின்றி நிற்கிறார். துணுக்குக்கு நீண்ட வேலை, சிறு வேலை என்ற வேறுபாடு தெரியாது. ஆடு மாடுகளுக்கும் பயிருக்கும் நோய் வருமுன் காக்கும் முறைகளைக் கையாளும் குடியானவர்கள், அந்தப் பயிரைப் பார்க்கும் கண்ணுக்கும் அதை நடும் கைக்கும் அவ்வளவு கவனமேனும் செலுத்துவார்களாக. கூண்டுச் சக்கரம் ஒடிந்தால் மறுபடி ஒட்டலாம்; கண்ணுக்கு அத்தகைய பட்டறை எங்கும் இல்லை.